காவேரிப்பாக்கம் ஏரியில எடுத்த பறவைப் படம் எதுவும் ஷார்ப்பா இல்ல. பெரிய லென்ஸ் வாங்கணுமா?

காட்பாடி கிளிக் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடியில வேலை பார்க்கிறேன். செகண்ட் ஹேண்ட்ல ஒரு கிராப் சென்சார் கேமராவும் 70-300 லென்ஸும் வாங்கி வச்சிருக்கேன். மார்கழியில ரெண்டு தடவை காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போனேன். முதல் தடவை போய்ச் சேரவே பத்து மணி ஆயிடுச்சு, மதியம் வரைக்கும் இருந்தேன். அடுத்த தடவை சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும்.

பிரச்சனை இதுதான். தண்ணியில சும்மா மிதந்துகிட்டிருக்கிற நாமக்கோழி கூட ஷார்ப்பா வரல. கொக்கு எல்லாம் வெள்ளைத் தாள் மாதிரி, ஒரு இறகு கூடத் தெரியல. நீர்க்காகம் கருப்புக் கட்டி. சாயங்காலம் எடுத்தது கொஞ்சம் தேவலாம், ஆனா பறக்கிற படம் எல்லாமே வால் பக்கம்தான். சூரியனை முதுகுக்கு வச்சுத்தான் நின்னேன், எல்லாரும் சொல்ற மாதிரி.

செட்டிங்: ஷட்டர் 1/500 செகண்ட், எஃப் 5.6, ஆட்டோ ஐஎஸ்ஓ, ஃபோகஸ் ஏஎஃப்-சி (அசையற பறவையைத் தொடர்ந்து பிடிக்கிற மோட்). ஆபீஸ் நண்பர் ஒருத்தர் "300-ல பறவை எடுக்க முடியாதுடா, 150-600 வாங்கு"ன்னு சொல்றார். இஎம்ஐ போட்டு வாங்கிடலாமான்னு யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

சத்துவாச்சாரி சங்கர் பதில்:

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்க ப்ரோ. ரெண்டு கிலோ வெயிட்டு. கையில தூக்கிப் பார்த்தா ஆசை பாதி குறைஞ்சிடும் :)

நவரைப்பட்டம் பதில்:

தம்பி, லென்ஸ் வாங்காதீங்க. இப்போதைக்கு வாங்காதீங்க. நீங்க சொன்ன நாலு குறையும் நாலு வேற வேற நோய். 600 வாங்கினா அதுல ஒண்ணு இன்னும் பெருசாத்தான் ஆகும்.

நான் பொன்னை பக்கம் விவசாயம். கேமரா பைத்தியம் அப்புறம் வந்தது. அதனால கொஞ்சம் காத்து, சேறுன்னுதான் பேசுவேன், பொறுத்துக்குங்க.

நாமக்கோழி முதல்ல. பத்து மணிக்கு மேல நம்ம ஊர் வெயில்ல ஏரிக்கரைக் கல்லு, மண்ணு எல்லாம் சூடாகி, அது மேல இருக்கிற காத்து நெளிய ஆரம்பிச்சிடும். ஹைவேயில தூரத்துல தண்ணி தேங்கின மாதிரி தெரியுதே, அதே கானல்தான். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு லேசா இருந்தாலும் டெலி லென்ஸ் அதைக் காட்டிக் கொடுத்துடும். மார்கழின்னாலும் ராத்திரிக் குளிருக்கும் பகல் வெயிலுக்கும் உள்ள வித்தியாசத்துல கானல் வரும். இதுக்கு எந்த லென்ஸும் மருந்து இல்ல. 600 போட்டா கானலையும் சேர்த்துத்தான் பெருசாக்கும்.

சந்தேகமா இருந்தா அந்த நாமக்கோழிப் படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்க. தொடர்ச்சியா எடுத்த பத்துப் படத்தை நூறு சதவீதம் பெரிசாக்கி ஒண்ணொண்ணா தள்ளுங்க. ஒவ்வொரு படத்துலயும் ஓரம் வேற வேற மாதிரி நெளிஞ்சிருந்தா அது கானல். எல்லாத்துலயும் ஒரே பக்கமா இழுத்த மாதிரி இருந்தா கை நடுக்கம். பறவை மங்கலா இருந்து, அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ இருக்கிற தண்ணி அலை பளிச்சுன்னு இருந்தா ஃபோகஸ் தப்பு. மூணுல எதுன்னு தெரியாம காசு செலவு பண்ணாதீங்க. லென்ஸ் முன்னாடி மலிவு யூவி ஃபில்டர் மாட்டியிருந்தா முதல்ல அதைக் கழட்டுங்க, டெலி லென்ஸ்ல அது செய்யற கெடுதல் தனி.

கார்ல உட்கார்ந்து எடுத்தீங்களா? ஏசி போட்டுக்கிட்டு கண்ணாடியை மட்டும் இறக்கினா உள் குளிரும் வெளிச் சூடும் லென்ஸுக்கு நேரா கலக்கும், வீட்டுக்குள்ளயே கானல் செஞ்சுக்கிற கதை. ஏசியை அணைச்சு, நாலு கண்ணாடியையும் இறக்கி, பத்து நிமிஷம் விடுங்க. எஞ்சினையும் அணைங்க, அந்த அதிர்வு போதும் படத்தைக் கெடுக்க. மத்தபடி கார் நல்ல மறைவிடம். கதவைத் திறந்து இறங்கற மனுஷனைப் பார்த்து எழும்பற ஆள்காட்டி, நின்ன காரைக் கண்டுக்காது. பழைய ஜீன்ஸ் காலை ஒரு முழம் வெட்டி ரெண்டு முனையும் தைச்சு, உள்ளே அரிசி போட்டு ஜன்னல் மேல வச்சு லென்ஸைச் சாய்ச்சுக்குங்க. ஸ்டாண்டை விட இது மேல்.

அடுத்தது வெள்ளைக் கொக்கு. கேமராவுக்குக் கொக்கு தெரியாது. அது முன்னாடி இருக்கிற கருந்தண்ணியையும் சேத்தையும் பார்த்து "இருட்டா இருக்கே"ன்னு வெளிச்சத்தை ஏத்திடும். கொக்கு வெந்துபோகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது படத்தோட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற செட்டிங்கை, மைனஸ் 1-ல வைங்க. உச்சி வெயில்ல இன்னும் கொஞ்சம் கீழ போனாலும் பரவாயில்ல. எடுத்த படத்துல வெந்த இடம் மட்டும் கண்ணடிக்கிற மாதிரி ஒரு வசதி மெனுவுல இருக்கும், அதை ஆன் பண்ணி வைங்க. நீர்க்காகம் வானத்துல போகும்போது இதுக்கு நேர் எதிர், ப்ளஸ் 1 இல்ல ப்ளஸ் 1.3. ரெண்டும் ஒரே படத்துல வந்தா வெள்ளையைக் காப்பாத்துங்க. ரா ஃபைல்ல (கேமரா சுருக்காம அப்படியே தர்ற ஃபைல்) எடுத்தா கருப்பைக் கம்ப்யூட்டர்ல மீட்டுடலாம், வெந்துபோன வெள்ளை போனது போனதுதான்.

இப்போ வால் பக்கம். இது எனக்குப் பிடிச்ச கேள்வி, ஏன்னா கேமராக்காரங்க யாரும் காத்தைக் கேட்க மாட்டாங்க.

பறவை காத்தை எதிர்த்துத்தான் எழும்பும், காத்தை எதிர்த்துத்தான் இறங்கும். ஏரோப்ளேனும் அப்படித்தான். மார்கழி, தையில நமக்கு அடிக்கிறது வாடை, வடகிழக்குக் காத்து. நீங்க சாயங்காலம் மேற்குச் சூரியனை முதுகுக்கு வச்சுக் கிழக்கே பார்த்து நின்னீங்க. கொக்கு காத்தை எதிர்த்துக் கிழக்கும் வடக்குமாப் போகும், அதாவது உங்களை விட்டு. வால்தான் கிடைக்கும், 600 வாங்கினா பெரிய வால் கிடைக்கும். அதே ஏரியில காலையில கிழக்குப் பக்கம் வெயிலை முதுகுக்கு வச்சு மேற்கே பார்த்து நில்லுங்க. வெயிலும் காத்தும் ரெண்டுமே உங்க முதுகுல. எழும்பற பறவை எல்லாம் உங்க முகத்துக்கு நேரா வரும், ரெக்கையை விரிச்சு, கண்ணுல வெளிச்சத்தோட. விடியும்போது காத்து அசையாது. வெயில் ஏறி எட்டு மணி வாக்குல லேசா ஆரம்பிக்கும், கானல் வர்றதுக்குள்ள கிடைக்கிற அந்த நேரம்தான் நேரம். ஆடியில காத்து மேற்கிலிருந்து அடிக்கும், அப்போ சாயங்காலம் மேற்கை முதுகுக்கு வச்சு நின்னா சரியா வரும். நெல்லு தூத்தின கையா இருந்தா இதை யாரும் சொல்லித் தரவேணாம், முறத்தைத் தூக்கறதுக்கு முன்னாடியே காத்து எந்தப் பக்கம்னு உடம்பு திரும்பிக்கும்.

ஷட்டர் 1/500 உட்கார்ந்த பறவைக்குச் சரி. பறக்கிற கொக்குக்கு 1/1600, பஞ்சுருட்டானுக்கு 1/3200 வேணும். அப்போ வெளிச்சம் குறையறதை ஈடுகட்ட ஐஎஸ்ஓ ஏறும், படத்துல புள்ளி விழும், 3200 வரைக்கும் ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தைச் சரி பண்ணலாம், அசைஞ்ச படத்தைச் சரி பண்ண முடியாது.

கடைசியா, ஏரியை விடுங்க. காவேரிப்பாக்கம் கடல் மாதிரி ஏரி, பாலாறு அணைக்கட்டுத் தண்ணி வந்து நிரம்பினா பறவை எல்லாம் நடுவுல போய் உட்கார்ந்துக்கும். தையில நவரைப் பட்ட நெல் நடவுக்குச் சேடை ஓட்டற, அதாவது தண்ணி கட்டிச் சேறாக்கி உழற, வயலுக்குப் போங்க. டிராக்டர் சேத்தைப் புரட்டினா புழு, பூச்சி, தவளை எல்லாம் மேல வரும். அது பின்னாடியே உண்ணிக்கொக்கு, மடையான், மைனா, ரெட்டைவால் குருவின்னு ஒரு ஊர்வலமே வரும். டிராக்டருக்கு அதுங்க பயப்படாது. சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி கொக்கு நிக்கும், சேறு தெறிச்சாலும் நகராது. டிராக்டர் திரும்பற வரப்பு முனையில முழங்கால் போட்டு உட்காருங்க. வண்டி உங்க பக்கம் வரும்போது கொக்கும் சேர்ந்து வரும். உங்க 300-ல ஃப்ரேமை விட்டு வெளியே போற அளவுக்குக் கிட்ட வரும். வயல்காரர்கிட்ட முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க, வரப்பை மிதிச்சு உடைக்காதீங்க.

உட்காருங்கன்னு சொன்னதைச் சும்மா விட்டுடாதீங்க. நின்னுக்கிட்டு எடுத்தா பறவைக்குப் பின்னாடி சேறுதான் தெரியும். கண்ணு மட்டத்துக்கு இறங்கினா பின்னாடி தூரத்துத் தென்னந்தோப்பு பச்சையாக் கரைஞ்சு நிக்கும். பேன்ட் சேறாகும். ஆகட்டும்.

சத்துவாச்சாரி சங்கர் பதில்:

அண்ணா, காத்து விஷயம் சூப்பர். ஆனா 300 போதும்னு சொல்றதை ஒத்துக்க மாட்டேன். மீன்கொத்தி, ஊர்த்தேன்சிட்டு மாதிரி சின்னப் பறவைக்கு எவ்வளவு நெருங்கினாலும் ஃப்ரேம்ல ஒரு புள்ளிதான். எத்தனை பேரால வரப்புல மணிக்கணக்கா உட்கார முடியும்?

நவரைப்பட்டம் பதில்:

போதும்னு சொல்லல சங்கர், இப்போதைக்குன்னு சொன்னேன். கணக்கு இதுதான்: இருபது மீட்டர்ல 300 என்ன அளவு காட்டுதோ அதைத்தான் நாற்பது மீட்டர்ல 600 காட்டும். இருபது மீட்டர் நெருங்கறது சும்மா கிடைக்கிற லென்ஸ். நடுவுல காத்தும் குறைச்சல், கானலும் குறைச்சல். நெருங்கவே முடியாத பறவைக்கு 600 வேணும், மறுக்கல.

சின்னப் பறவைன்னா பஞ்சுருட்டான்ல ஆரம்பிக்கச் சொல்லுவேன். அது பூச்சியைப் பிடிச்சிட்டு பெரும்பாலும் எழும்பின கொம்புக்கே திரும்பி வரும். சீமைக்கருவேல முள்ளோ, கரண்டுக் கம்பியோ, அதுக்குன்னு ஒரு இடம் இருக்கும். துரத்தாதீங்க, அந்தக் கொம்புல ஃபோகஸ் வச்சுக் காத்திருங்க. தேனீயோட வந்து உட்கார்ந்ததும் முழுங்கிடாது. கொடுக்கு போகற வரைக்கும் கொம்புல டக்கு டக்குன்னு அடிக்கும், தேய்க்கும். அந்தச் சில நொடி பறவை உட்கார்ந்த இடத்துலயே இருக்கும், தலை மட்டும் ஆடும். 1/2000 போட்டு அழுத்திப் பிடிச்சா தேனீ ரெக்கை வரைக்கும் கிடைக்கும்.

காட்பாடி கிளிக் பதில்:

அண்ணா, ரொம்ப நன்றி. பத்துப் படம் தள்ளிப் பார்த்தேன். ஓரம் எல்லாம் நெளிஞ்சுதான் இருக்கு, கானலேதான். இஎம்ஐயை நிறுத்தி வச்சுட்டேன், வீட்டுல உங்களுக்கு ஒரு கும்பிடு போடச் சொன்னாங்க.

இன்னொரு கேள்வி. லத்தேரி பக்கம் சொந்தக்காரங்க கிணத்துல தூக்கணாங்குருவி கூடு தொங்குது. மழை சீசன்ல மறுபடி கட்டும்ங்கறாங்க. கூட்டை ஒரு ஈச்ச மட்டை மறைக்குது. அதை மட்டும் லேசா ஒதுக்கிக் கட்டிட்டு எடுக்கலாமா?

குடியாத்தம் மலர் பதில்:

தம்பி, மட்டையைத் தொடாதீங்க. நீங்க மறைப்புன்னு நினைக்கிறது அதுக்குக் கதவு. ஒதுக்கினீங்கன்னா வெயிலும் உள்ளே போகும், காக்காவும் பார்த்துடும்.

பொதுவா ஒண்ணு சொல்லிக்கிறேன். ஜவ்வாது மலை, பேரணாம்பட்டுப் பக்கம் படம் எடுக்கப் போறவங்க காப்புக்காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம நுழையாதீங்க. எங்க பக்கம் ஆந்திரா கவுண்டின்யா காட்டிலிருந்து யானை இறங்கி மாந்தோப்பு வரைக்கும் வருது. விடியற்காலை வெளிச்சம் நல்லா இருக்கும்னு தனியா போறது ஆபத்து. ஃபோன்ல பறவைச் சத்தம் போட்டுக் கூப்பிடறதும் வேணாம், குஞ்சு வளர்க்கிற நேரத்துல எதிரி வந்துட்டான்னு நினைச்சு அது தன் வேலையை விட்டுட்டு அலையும்.

நவரைப்பட்டம் பதில்:

மலர் மேடம் சொன்னதுதான். மட்டை இருக்கட்டும். கூடு முழுசாகி குஞ்சு இருக்கிற நேரத்தை விட, பாதி கட்டின நேரம்தான் படத்துக்கு நல்லது. தொப்பி மாதிரி பாதி முடிஞ்ச நிலையில பெட்டை வந்து பார்த்துட்டுப் போகும். பிடிச்சாத்தான் மீதியைக் கட்டும் ஆண். மஞ்சள் தலையோட கூட்டுல தலைகீழாத் தொங்கி ரெக்கையை அடிச்சுக் காட்டும் பாருங்க, அது நல்லா வெளியே தெரியற கூத்து. கிணத்துக்கு எதிர்க்கரையில, மோட்டார் ரூம் நிழல்ல உட்கார்ந்தாலே 300-ல வந்துடும். நிழல்ல நீங்க, வெயில்ல அது. நீங்க உட்கார்ந்ததும் அது நாரு எடுத்து வர்றதை நிறுத்திட்டா ரொம்பக் கிட்ட இருக்கீங்கன்னு அர்த்தம், பின்னாடி நகருங்க.

அதுவரைக்கும் பழக ஒரு இடம் வேணும்னா வேலூர் கோட்டை அகழி. நடக்கிற ஜனத்தைப் பார்த்துப் பழகின கொக்கும் மடையானும் நீர்க்காகமும் அவ்வளவா பயப்படாது. கருங்கல் மதில் நிழல்ல இருக்கும்போது அதுக்கு முன்னாடி வெயில் பட்ட வெள்ளைக் கொக்கு நின்னா, மைனஸ் 1.3 வச்சு ஒண்ணு எடுங்க. மதில் கருப்பாப் போயிடும், கொக்கோட ஒவ்வொரு இறகும் தனித்தனியா நிக்கும். கையில பிடிச்சு எடுங்க. தொல்லியல் துறை இடம், ஸ்டாண்ட் போடணும்னா முன்கூட்டி அனுமதி வேணும்.

காட்பாடி கிளிக் பதில்:

சரிண்ணா. தையில சேடை ஓட்டற வயல்னு சொன்னீங்களே, உங்க பக்கம் இந்த ஞாயித்துக்கிழமை வந்தா பார்க்கலாமா?

நவரைப்பட்டம் பதில்:

ஞாயிறு டிராக்டர் வேற ஊருக்குப் போகுது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள்ள வாங்க, கிழக்கு வரப்பு உங்களுக்கு. இடம் தனிச் செய்தியில அனுப்பறேன். வெள்ளைச் சட்டை போட்டுட்டு வராதீங்க.