மூங்கில் பூத்தா பாண்டாவுக்குப் பட்டினியா?

காட்பாடி: ஜவ்வாது மலைல கல்மூங்கில் பூத்தா புதரே காஞ்சிடுது. மூங்கிலையே நம்பியிருக்கிற பாண்டா இன்னா பண்ணும்? அழியறதுக்கு அதான் காரணமா?

ஆரணி: பூக்குறது மட்டும் காரணம் இல்லைங்க. ஒரு இன மூங்கில் காஞ்சா, பாண்டா மலைல மேல ஏறி வேற இன மூங்கிலைத் தின்னும். இப்போ நடுவுல ரோடும் வயலும் மறிக்குது. 1970கள்ல சீனாவுல மின்ஷான் மலைல நூத்துக்கு மேல செத்தது அப்படித்தான். பாண்டாவுக்கு இருக்கிறது கரடிக் குடல், மூங்கில் சரியா செரிக்காது. தின்னதுல ஆறுல ஒரு பங்குதான் செரிக்கும். தினம் 12 கிலோவுக்குக் குறையாம வேணும், பட்டினி தாங்காது.

ஆம்பூர்: 2014 கணக்குல காட்டுல 1,864. 2016ல ஐயுசிஎன் (அழியற உயிர்களைப் பட்டியல் போடுற உலக அமைப்பு) ஆபத்துப் படியை ஒண்ணு குறைச்சுது, அதுல மயங்கக் கூடாது. 33 கூட்டமா சிதறியிருக்கு. சின்னக் கூட்டத்துல சொந்தத்துக்குள்ளேயே இனம் சேரும். பெட்டை சினைக்கு வர்றது வருஷத்துல ரெண்டு மூணு நாள்தான். சிதறின கூட்டங்களைச் சேர்க்க நடுவுல இணைப்புக் காடு போடுறப்போ ஒரே இன மூங்கிலை நட்டா மொத்தமா பூத்துக் காயும், கலந்து நடணும்.

காட்பாடி: நம்ம அமிர்தி மிருகக்காட்சிப் பூங்கால பாண்டா வளர்க்கலாமா?

ஆரணி: வேலூர் வெயில்லயா! ஏசி ரூமை விட்டே வராதுங்க.