ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் சோலார் இன்வெர்ட்டர் நிக்குது, ஏன்?

தக்கலைக்காரன்:
3 கிலோவாட் ஆன்-கிரிட் சோலார் (பேட்டரி இல்லாம இ.பி. லைனோட சேர்றது) மாட்டி எட்டு மாசம் ஆச்சு. ஞாயிறு பதினொன்றரை தாண்டுனா 'கிரிட் ஓவர் வோல்டேஜ்'னு, அதாவது லைன்ல வோல்டேஜ் கூடிப்போச்சுன்னு, காட்டிட்டு நின்னுரும். அஞ்சு நிமிசத்துல தானா வரும், திரும்ப நிக்கும். மத்த நாள் ஒரு தொந்தரவும் இல்ல. மாட்டுனவங்க "பேனல்ல தூசி"ங்காங்க. ரெண்டு மழைக்காலமும் கழுவுற ஊர்ல என்ன தூசி?

கொளச்சல் கடலோரம்:
ஸ்டெபிலைசர் வச்சுப் பாருங்க.

மார்த்தாண்டம் ஒயரிங்:
வேண்டாம் அண்ணே, ஸ்டெபிலைசர் இதுக்கு ஆகாது. தூசின்னா உற்பத்திதான் கொறையும். பக்கத்துல பெரிய மோட்டார் ஓடுற இடம் உண்டா?

தக்கலைக்காரன்:
மரமில்லு உண்டு. ஞாயிறு லீவு.

மார்த்தாண்டம் ஒயரிங்:
அப்போ சங்கதி அதுதான். மில்லு ஓடையில லைன் வோல்டேஜ் தாழ்ந்து கெடக்கும், நின்னா ஏறும். இன்வெர்ட்டர் பேனலோட டிசி-ய 50 ஹெர்ட்ஸ் ஏசி-யா மாத்தி லைனுக்குள்ள தள்ளணும்னா, லைன விட கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ்லதான் தள்ள முடியும். அது வச்சிருக்க லிமிட்ட தாண்டுனா இன்வெர்ட்டர் தானா நின்னுரும். நல்ல வெயில்ல இன்வெர்ட்டர் டிஸ்ப்ளேயையும் இ.பி. மீட்டரையும் ஒரே நேரம் பாத்து சொல்லுங்க. ஒயர் நீளம், கனமும் வேணும்.

தக்கலைக்காரன்:
12:20-க்கு மகன மாடியில நிக்க வச்சு, நான் கீழ நின்னு பாத்தேன். மீட்டர்ல 246, மேல 253, உடனே நின்னுட்டு. ஒயர் கனம் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), நீளம் 40 மீட்டர் வரும்.

மார்த்தாண்டம் ஒயரிங்:
40 மீட்டர்னா போக வர 80. 2.5 காப்பர்ல அதுக்கு 0.6 ஓம் கிட்ட. 12 ஆம்பியர் போகையில 7 வோல்ட்டு உங்க ஒயர்லயே ஏறுது. 10 ஸ்கொயர் இழுத்தா 2 வோல்ட்டுக்குள்ள நிக்கும். இழுக்கும்போது எம்சிபி (கரண்டு கூடுனா தானா விழுற சுவிட்ச்) முனையில கருகல் உண்டான்னும் பாக்கச் சொல்லுங்க, இ.பி. பக்கம், சோலார் பக்கம் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு. வோல்டேஜ் லிமிட்ட ஏத்தித் தாறேன்னு யாராவது சொன்னா சம்மதிக்காதீங்க, வீட்டு ஃப்ரிட்ஜும் ஃபேனும் அந்த வோல்டேஜதான் தின்னும்.

கொளச்சல் கடலோரம்:
எனக்கு வேற கேள்வி. வெயில் கொளுத்துது, கரண்டு போனா சோலாரும் போகுது. கோளாறா?

மார்த்தாண்டம் ஒயரிங்:
கோளாறில்ல. போஸ்ட்ல ஏறி நிக்க லைன்மேனுக்கு உங்க வீட்டுக் கரண்டு அடிச்சிரப்பிடாதுன்னுதான் அப்படி வச்சிருக்கு. பேட்டரி உள்ள ஹைபிரிட்னா லைன அறுத்துட்டு வீட்டுக்கு மட்டும் தரும்.

தக்கலைக்காரன்:
10 ஸ்கொயர் இழுத்தாச்சு. இந்த ஞாயிறு மில்லு லீவு, மீட்டர்ல 246, மேல 248. சாயங்காலம் வரை நிக்கல. பழைய ஒயர்ல எம்சிபி பக்கத்து முனை கருகித்தான் இருந்துச்சு.