அந்தக் கொய்ங் 1000-ஆ, 400-ஆ?

வைகைக்கரை: நம்ம தெரு அன்னதானக் கணக்கு ஆடியோவுல எடிட்டே இல்லைன்னு நேத்து ஒரு மேதாவி எழுதியிருக்காரு. "வசூல்ல பாதியை..." கொய்ங்ங். "...கொண்டு போயிட்டாரு". யாரு கொண்டு போனது, காக்காவா?

செல்லூரான்: அந்த மேதாவி நான்தான். போன் பேசையில இன்னொரு கால் வந்தா சத்தம் வராதா? அதுதான் இது.

மைக்செட் மாரி: 22 வருசமா மைக்செட் கட்டுறவன் சொல்றேன். ஆடாசிட்டிங்கிற ஆடியோ சாஃப்ட்வேர்ல போட்டு, எந்தச் சத்தம் எத்தனை ஹெர்ட்ஸ்னு காட்டுற ஸ்பெக்ட்ரோகிராம் படம் பாத்தாச்சு. 1000 ஹெர்ட்ஸ்ல ஸ்கேல் வச்சுக் கிழிச்ச மாதிரி ஒத்தைக் கோடு. டிவிக்காரய்ங்க கெட்ட வார்த்தைக்குப் போடுற அதே 1000. நம்ம ஊரு போன்ல வெயிட்டிங் சத்தம் 400. அதுவும் விட்டு விட்டு வரும்.

செல்லூரான்: வாட்ஸப்ல பத்துக் கை மாறி வந்த ஃபைலுண்ணே. அது அமுக்குற அமுக்குல 400, 1000 ஆகியிருக்கும்.

மைக்செட் மாரி: அமுக்குனா தெளிவு போகும், கீச்சுச் சத்தம் சாகும். 400 எந்திரிச்சுப் போயி 1000-ல உக்காராது! பின்னால கிரைண்டர் ஓடுது, கேட்டீகளா? கொய்ங் வர்ற அந்த முக்கால் செகண்டு மட்டும் அதுவும் காணோம். வெயிட்டிங் சத்தம்னா கிரைண்டரோட சேந்துல்ல கேக்கணும்?

செல்லூரான்: மாவு தள்ளிவிட நிப்பாட்டியிருப்பாக.

மைக்செட் மாரி: முக்கால் செகண்டுலயா? அந்தக் கையை எங்க வீட்டுக்கு அனுப்பிவிடுங்க.

தெப்பக்குளத்தான்: ஒரு சந்தேகம். பேரை மறைச்சதை எடிட்டுங்கிறீகளா, பேச்சை வெட்டி ஒட்டுனதையா? ரெண்டும் வேறல்ல?

மைக்செட் மாரி: 1000-ங்கிறேன்.

செல்லூரான்: இம்புட்டுக் காது கேக்குற ஆளுக்கு, கள்ளழகரை வரவேற்குற எதிர்சேவை அன்னைக்கு நம்ம பந்தல்ல சொந்த மைக்கு ஊளையிட்டது கேக்கலையோ?

மைக்செட் மாரி: உங்க மச்சான் மைக்கைத் தூக்கிட்டுப் போயி குழாய் ஸ்பீக்கர் வாய்க்கு நேரா நின்னா ஊளையிடாம தாலாட்டா பாடும்? அன்னைக்கு வாடகையில பாதி இன்னும் பாக்கி.

வைகைக்கரை: இங்கயும் பாதியா!

செல்லூரான்: மச்சானை இழுக்காதீக.

தெப்பக்குளத்தான்: அமெரிக்க ஜனாதிபதியா இருந்த நிக்சனோட பேச்சைப் பதிஞ்ச டேப்ல 18½ நிமிசம் அழிஞ்ச கதையில, 1974-ல நிபுணர்கள் அசல் டேப்பைப் பாத்துத்தான் அஞ்சு தடவையாவது அழிச்சிருக்குன்னு சொன்னாக. இங்க அசல் யாருகிட்ட இருக்கு? 2024 ஜூலையில வந்த புதுச் சாட்சியச் சட்டம் 63-ம் பிரிவுல சான்றிதழோட ஹாஷ் மதிப்பும், அதான் ஃபைலு மாறலைன்னு காட்டுற கைரேகை மாதிரி நம்பரும், கேக்குறாய்ங்க. ஃபார்வர்டை வச்சு என்னத்தைச் சாதிக்க?

மைக்செட் மாரி: நிக்சனுக்கு நான் மைக்செட் கட்டலை தம்பி. 1000.

செல்லூரான்: 400.

வைகைக்கரை: பேரு என்னன்னுதான்யா நான் கேட்டேன்...

மைக்செட் மாரி: ராத்திரி அந்த ஒத்தைக் கோட்டைப் படம் புடிச்சுப் போடுறேன், கண்ணாடி மாட்டிட்டுப் பாருங்க. அப்படியே மச்சான்கிட்டயும் காட்டுங்க. வாடகை ஞாபகம் வரட்டும்.

செல்லூரான்: ஊளைக்கெல்லாம் வாடகை கெடையாது. 400.