கத்தி காட்டி மிரட்டல்: சிசிடிவி சான்றிதழ் மாதிரி வேண்டும்

சென்னை வியாசர்பாடி, கொடுங்கையூர் கடைக்காரர்களுக்காகப் புகார் மனு மாதிரி ஒன்று தயாராகிறது. 1.7.2024-க்கு முன் நடந்த மிரட்டல் என்றால் இ.பி.கோ. 506(2)தான், அன்றிலிருந்து நடந்தது, இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 351(3). கத்தியைக் கழுத்தருகே நீட்டி மாமூல் கேட்டால், காசு கைமாறாவிட்டாலும் பி.என்.எஸ். 308(4) வரும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

சிக்கல் சிசிடிவியில். டி.வி.ஆர். (கேமரா பதிவைச் சேமிக்கும் பெட்டி) நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும், அதனால் அன்றே நகல் எடுக்கணும். வெறும் பென்டிரைவ் போதாது, பி.எஸ்.ஏ. (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழில் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) வேண்டும். அந்தச் சான்றிதழின் பகுதி 'ஏ' கடைக்காரரே நிரப்பலாம். பகுதி 'பி'க்கு நிபுணர் கையெழுத்து. பெட்டிக்கடைக்காரர் அவரை எங்கே தேடுவார்?

ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் ஏற்கப்பட்ட பகுதி 'பி' நகல் யாரிடமாவது இருந்தால், பெயர்களை மறைத்துப் பகிருங்கள்.