‘நிதி அபிவிருத்தி’க்கு மாற்றுச்சொல்: திங்களுக்குள் தேவை

கிளிநொச்சியிலிருந்து:
வணக்கம். உயர்தரப் பொருளியல் கருத்தரங்குக் கையேடு திங்கள் அச்சுக்குப் போகிறது. நாடுகளின் நிதித்துறை வளர்ச்சிக்கும் காபன் வெளியேற்றத்துக்கும் உள்ள தொடர்புதான் தலைப்பு. ‘நிதி அபிவிருத்தி’ என்று எழுதியிருந்தேன். வாசித்த மாணவி, “அரசாங்கம் கூடக் காசு ஒதுக்கிறதோ சேர்?” என்று கேட்டாள். பெரும்பாலும் அளக்கப்படுவது தனியார் துறைக்குக் கிடைத்த கடன், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை வீதம் என்பதுதான். என்ன சொல் போடலாம்?

வவுனியாவிலிருந்து:
‘நிதித்துறை மேம்பாடு’ போடுங்கோ சேர். அபிவிருத்தி வடசொல்.

முல்லைத்தீவிலிருந்து:
தம்பி, நிதியும் வடசொல்தான். சங்கநிதி, பதுமநிதி என்று தேவாரத்திலேயே ஊறிய சொல்லை எங்கே கொண்டுபோய் விடுவது? எனக்கு இடறுவது ‘மேம்பாடு’. அது நல்லது என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதிவிடுகிறது. ஆய்வுகள் ஒரே பக்கம் நிற்கவில்லை. சடோர்ஸ்கி 2010இல் 22 வளர்ந்துவரும் நாடுகளை ஆராய்ந்தார். நிதித்துறை வளர, எரிசக்திப் பாவனையும் கூடியது. பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனாவைப் பார்த்த தமாசியன் குழு, 2009இல், நிதித்துறை வளர்ந்தால் காபன் குறையும் என்றது. லீசிங்கில் எடுத்த முச்சக்கரவண்டி எண்ணெய் குடிக்கும். அதே கடனில் கூரைக்குச் சோலார் போட்டால் நுரைச்சோலை மின்நிலையத்தில் எரியும் நிலக்கரி கொஞ்சம் மிஞ்சும். கடன் எதற்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே ‘நிதியாழம்’ என்பேன். ஆழம் அளவைச் சொல்லும், நன்மை தீமை சொல்லாது.

வவுனியாவிலிருந்து:
ஐயா, நிதித்துறை வளர்ச்சியை அளக்கும் சர்வதேச நாணய நிதியத்தின் சுட்டெண்ணில் ஆழம், அணுகல், வினைத்திறன் என்று மூன்று உண்டு. ஒரு பகுதியின் பெயரை முழுவதற்கும் வைக்கலாமோ?

மன்னாரிலிருந்து:
அது கிடக்கட்டும், ‘வெளியேற்றம்’ எதற்கு? எங்கள் பௌதிகவியலில் ‘காலல்’ இருக்கிறதே. கால்தல் என்றால் கக்குதல், கதிர் காலும் ஞாயிறு என்பது போல. காற்றுக்கும் ‘கால்’ என்று பெயர். வாயுவை வெளிவிடுவதற்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? கக்குதல் அருவருப்பு என்பார்கள். உமிழ்தலும் கக்குதலும் குறிப்புப்பொருளில் வந்தால் அழகு என்று வடமொழியில் அணியிலக்கணம் எழுதிய தண்டியே சொல்லிவிட்டார்.

புதுக்குடியிருப்பிலிருந்து:
சேர், நீங்களே முதல் மடலில் ‘நிதித்துறை வளர்ச்சி’ என்றுதானே எழுதினீர்கள்? யாருக்கும் விளங்காமல் போகவில்லையே.

கிளிநொச்சியிலிருந்து:
சரி, மூன்று பேர் தனிமடலிலும் அதையே சொன்னார்கள். ‘நிதித்துறை வளர்ச்சி’, ‘காபன் வெளியேற்றம்’ என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். காலலைப் பொருளியல் பிள்ளைகளிடம் கொண்டுபோக இப்போது நேரமில்லை.

முல்லைத்தீவிலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை. வளர்ச்சியும் புகழ்ச்சிச் சொல்தான். கடனின் அளவு மட்டும் வருகிற அட்டவணையிலாவது ‘நிதியாழம்’ என்று போடுங்கள்.