தொங்கும் கூடையில் தக்காளி: காயின் அடி கறுத்துப் போகிறது

கொடிமுல்லை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பால்கனியில் தரையில் தொட்டி வைக்க இடமில்லை. அதனால் கூரைக் கொக்கியில் தேங்காய் நார் விரித்த கம்பிக் கூடை ஒன்றைத் தொங்கவிட்டு, நீளவாக்கில் சிறிதாகக் காய்க்கும் தக்காளி வைத்திருக்கிறேன். செடி விளிம்பைத் தாண்டி வழிந்து தொங்குகிறது, பூவும் கொத்துக் கொத்தாக வருகிறது. ஆனால் பிஞ்சு கொஞ்சம் பருத்ததும் அதன் நுனியில், காம்புக்கு நேர் எதிர்ப்புறத்தில், ஒரு பழுப்பு வட்டம் விழுகிறது. நாளாக ஆக அது கறுத்து, உலர்ந்த தோல் போலக் குழிந்துவிடுகிறது. பூச்சி எதுவும் இல்லை. காயை அறுத்தும் பார்த்துவிட்டேன். பிற்பகலில் இலைகள் துவண்டு, மாலையில் தண்ணீர் ஊற்றியதும் நிமிர்ந்துகொள்கின்றன. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று சொன்னார்கள். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டும் மாற்றம் இல்லை. காலை முதல் நண்பகல் வரை நேர் வெயில் கிடைக்கும். இதைச் சரிசெய்ய வழி சொல்லுங்கள். இன்னும் இரண்டு கூடைகள் மாட்டும் ஆசையும் இருக்கிறது. அவற்றில் எதை வைக்கலாம்?

நிழல்மரம்:

முட்டை ஓடு மட்கப் பல மாதங்கள் ஆகும். கால்சியம் கரைசலாகவே கிடைக்கிறது, இலையில் தெளித்துப் பாருங்கள். இன்னொன்று, வாளியின் அடியில் துளையிட்டுச் செடியைத் தலைகீழாகத் தொங்கவிடும் முறையும் உண்டு. இடம் மிச்சமாகும்.

மண்வெட்டி:

கொடிமுல்லை, உங்கள் செடிக்கு வந்திருப்பது தாகம். மண்ணில் கால்சியம் பெரும்பாலும் போதுமான அளவு இருக்கும். ஆனால் அது வேரிலிருந்து தண்ணீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். வெயிலில் நீரை அதிகம் ஆவியாக்குவது இலை. ஆகவே ஏறுகிற தண்ணீரை இலைகள் இழுத்துக்கொள்கின்றன, காயின் நுனிக்குக் கடைசியில்தான் பங்கு கிடைக்கிறது. தினமும் பிற்பகலில் கூடை காய்ந்தால் அந்தப் பங்கும் நின்றுபோகிறது. நீளவாக்கில் காய்க்கும் ரகங்களில் இது அதிகம். செர்ரித் தக்காளியில் அரிது. இலையில் தெளிக்கும் கால்சியம் இலையிலேயே தங்கிவிடும், காய்க்கு இறங்காது. நண்பர் நிழல்மரம் நல்ல எண்ணத்தில் சொன்னாலும் அந்தச் செலவு வேண்டாம் என்பேன்.

கறுத்த காய்கள் தேறாது, கிள்ளிவிடுங்கள். செடியின் சத்து அடுத்த கொத்துக்குப் போகட்டும்.

தரையில் இருக்கும் தொட்டிக்கு மேற்பரப்பில்தான் காற்று. தொங்கும் கூடைக்கு நாலாபுறமும், அடியிலும் காற்று. அதிலும் நார் விரிப்பு தன் முழுப் பரப்பிலும் ஈரத்தை வெளியே விடும். நாருக்கு உட்புறமாக ஒரு கனமான பாலிதீன் தாளைச் சுற்றிக் கொடுத்து, அடியில் மட்டும் நாலைந்து துளைகள் போடுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலையோ வைக்கோலோ இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள்.

காலையில் எழுந்ததும் கூடையின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து மெல்ல உயர்த்திப் பாருங்கள். நன்றாக நனைந்த கூடை கையை அழுத்தும், காய்ந்தது சட்டென்று எழும்பிவிடும். மேல்மண்ணை விரலால் தொட்டு முடிவு செய்யாதீர்கள். மேலே ஈரமாகவும் நடுவில் பொடியாகவும் இருப்பது கூடைகளில் சகஜம். முற்றிலும் காய்ந்துவிட்டால் மண் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விடும். அப்போது ஊற்றும் தண்ணீர் வேரைத் தொடாமல் ஓரமாக இறங்கி ஓடிவிடும், கீழே சொட்டுவதைப் பார்த்து நாம் போதும் என்று நிறுத்திவிடுவோம். அப்படிப்பட்ட நாளில் கூடையை இறக்கி ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழ்கள் நிற்கும் வரை வைத்திருங்கள்.

கூடையின் விட்டத்தை நீங்கள் எழுதவில்லை. தக்காளிக்கு 35 செ.மீ.க்குக் குறையக்கூடாது. அந்த அளவுக் கூடை நனைந்தால் 10 கிலோவைத் தாண்டக்கூடும், கொக்கியைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி நீர் விட்டால் சத்தும் கரைந்து வெளியேறும். வாரம் ஒருமுறை நீர்த்த திரவ உரம் கொடுங்கள். காய்க்கும் பருவத்தில் பொட்டாஷ் கூடுதலாக உள்ளது நல்லது. தழைச்சத்து மிகுந்தால், குறிப்பாக அம்மோனியம் உரங்களால், இந்தக் கறுப்பு இன்னும் அதிகமாகும்.

தலைகீழ் முறை எனக்கு ஏற்புடையதல்ல. தண்டு எப்படியும் வளைந்து மேல்நோக்கித்தான் போகும், ஊற்றும் தண்ணீர் இலைகளின் மேலேயே சொட்டிப் பூஞ்சைக்கு வழி செய்யும்.

புதிய கூடைகளுக்குத் தாகம் தாங்கும் செடிகளாகத் தேர்ந்தெடுங்கள். பருப்புக்கீரை படர்ந்து தொங்கும், சற்றுக் காய்ந்தாலும் மீண்டு வரும். கற்பூரவல்லியின் தடித்த இலையும் அப்படியே. புதினா வைப்பதென்றால் தனிக் கூடையில் மட்டும். ஓடுதண்டு விட்டு மற்றதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரும் நிறையக் குடிக்கும். கொத்தமல்லி கூடைக்கு ஒத்துவராது. சூடும் வறட்சியும் பட்டால் இலை தருவதற்குள் பூத்துவிடும்.

பசுந்தளிர்:

மண்வெட்டி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சிறு துளைகள் போட்ட பிளாஸ்டிக் பாட்டிலைக் கூடையின் நடுவில் கழுத்தளவு புதைத்து, அதற்குள் தண்ணீர் ஊற்றுங்கள். நடுவேருக்கு நேராக ஈரம் போகும். குளிர்ச்சியான பகுதியில் இருந்தால் ஸ்ட்ராபெரி வையுங்கள். பழம் மண்ணைத் தொடாமல் தொங்குவதால் அழுகல் குறைவு. நடும்போது இலைகள் கிளம்பும் நடுக்குருத்து மண்ணுக்குள் போய்விடக் கூடாது, அது புதைந்தால் செடியே அழுகும்.

கொடிமுல்லை:

மிக்க நன்றி. அளந்து பார்த்தேன், கூடை 25 செ.மீ.தான். நேற்று நண்பகலில் தூக்கியபோது பஞ்சாக எழும்பியது. காய்க்கும் நிலையில் செடியைப் பெரிய கூடைக்கு மாற்றினால் தாங்குமா?

மண்வெட்டி:

தாங்கும். முதல் நாளே நன்றாக நனைத்துவிட்டு, மறுநாள் மாலை வெயில் இறங்கியதும் மாற்றுங்கள். நார் விரிப்பை வெட்டி வேர்க்கட்டு உடையாமல் எடுங்கள், விரிப்பிலிருந்து வேரைப் பிய்க்க வேண்டாம். அடி இலைகளை நீக்கிவிட்டு, தண்டில் கொஞ்சம் மண்ணுக்குள் போகுமாறு முன்பைவிட ஆழமாக வையுங்கள், அதிலிருந்தும் வேர் விடும். இரண்டு மூன்று நாள் நிழலில் தொங்கட்டும். திரவ உரத்தைப் புதுத் தளிர் வந்த பிறகு தொடங்கினால் போதும்.