சக் ஜோன்ஸின் பாணி எப்போது மாறியது?

கேள்வி:
சக் ஜோன்ஸ் வார்னர் பிரதர்ஸுக்காக இயக்கிய கார்ட்டூன் குறும்படங்களை ஆண்டு வரிசையில் பார்த்து வருகிறேன். 1938இல் இயக்குநரான அவருடைய தொடக்ககாலப் படங்கள் மென்மையாக, மெதுவாக நகர்கின்றன. 1940களின் பிற்பகுதியில் வந்தவையோ வேறொருவர் எடுத்தவை போலத் தோன்றுகின்றன. இந்த மாற்றம் எங்கே தொடங்கியது?

மறுமொழி 1:
தொடக்கத்தில் டிஸ்னி படங்களின் அழகையே அவர் இலக்காகக் கொண்டிருந்தார். 1942இல் வந்த 'தி டோவர் பாய்ஸ்' படத்தைப் பாருங்கள். ஒரு நிலையில் அசையாமல் நிற்கும் பாத்திரம், இடையில் வெறும் வண்ணத் தீற்றலாக மங்கி, மறுகணமே அடுத்த நிலையில் நிற்கும். என்னைப் பொறுத்தவரை அதுவே திருப்புமுனை.

மறுமொழி 2:
உடன்படுகிறேன். கதையாசிரியர் மைக்கேல் மால்டீஸின் பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1949இல் இருவரும் உருவாக்கிய ரோட் ரன்னர் (வேகமாக ஓடும் பறவை) படத்திலிருந்து தொடங்கிய அந்த வரிசையில், மலை விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் நிற்கும் கயோட்டி (அப்பறவையைத் துரத்தும் ஓநாய் போன்ற விலங்கு), தன் நிலையை உணர்ந்து நம்மைப் பரிதாபமாகப் பார்த்த பிறகே விழுகிறது. மேலிருந்து பார்க்க, அது புள்ளியாகச் சுருங்கி மறைந்து, சற்றுப் பொறுத்துச் சிறு புழுதி மட்டும் எழுகிறது. சிரிப்பு அந்தப் பார்வையிலும் காத்திருப்பிலும்தான் இருக்கிறது.

மறுமொழி 3:
வார்னரை விட்டு விலகியபின் எம்ஜிஎம் என்ற மற்றொரு பட நிறுவனத்துக்காக ஜோன்ஸ் தயாரித்த டாம் அண்ட் ஜெர்ரி படங்களில் முகபாவங்கள் அழகு, ஆனால் துரத்தலில் பழைய வேகம் இல்லை. அதே காலத்தில், 1965இல் வெளிவந்த, ஒரு கோடும் புள்ளியும் காதலிக்கும் குறும்படம் அவருக்கு ஆஸ்கர் பெற்றுத் தந்தது. அதை அவசியம் பாருங்கள்.